வாசலில் நின்று கற்ற மொழி



ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நான். வகுப்பில் வந்து சேர்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் நாளே கைபேசியை எடுத்து நீட்டுகிறார்கள். "சார், இந்த ஆப்ல ஆறு மாசமா ஒருநாள் விடாமப் படிக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். நல்லது தம்பி என்று சொல்லிவிட்டு, எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று ஜப்பானிய மொழியில் கேட்டால் திருதிருவென்று முழிக்கிறார்கள். ஸ்டாண்டு போட்ட சைக்கிளை ஆறு மாசம் மிதித்தால் கால் வலிக்கும், தெருமுனைகூடப் போய்ச் சேர முடியாது. அந்த எரிச்சலில்தான் இன்றைக்கு மார்மன் பையன்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அவர்களை நீங்கள் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது முழுப்பெயர். மார்மன் என்று கூப்பிடுவதை இப்போது சபை விரும்புவதில்லை. எனக்கு நாக்குப் பழகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொள்கை சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் முன்பின் கேட்டறியாத ஒரு மொழியை எப்படிப் பேசிப் பழகுகிறார்கள்? என் அக்கறை அவ்வளவுதான்.

பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம் ஊழியம். எந்த நாட்டுக்குப் போவது என்று அவர்கள் முடிவு செய்வதில்லை. சபை சொல்கிறது, இவர்கள் பெட்டி கட்டுகிறார்கள். சம்பளம் கிடையாது. அவரவரும் குடும்பமும் சேர்த்து வைத்த பணத்தில்தான் செலவு. அமெரிக்க யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ என்ற ஊரில் பெரிய பயிற்சி மையம் இருக்கிறது. 1961இல் அங்கே ஸ்பானிஷ் கற்பிக்க ஆரம்பித்தார்கள். இப்போது ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். புது மொழி படிக்க ஆறு வாரம், ஜப்பானிய மொழி போல முரண்டு பிடிக்கிற மொழி என்றால் ஒன்பது வாரம் என்று வைத்திருந்தார்கள்.

ஒன்பது வாரத்தில் ஜப்பானிய மொழியா என்று நானும் சிரித்தவன்தான். அங்கே நடப்பது வேறு. பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதே நாட்டில் ஊழியம் முடித்துத் திரும்பிய கல்லூரிப் பிள்ளைகள். வந்த சில நாட்களுக்குள் அந்த மொழியில் ஜெபம் செய்யச் சொல்கிறார்கள். ஆசிரியரே யாரோ ஒரு வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்துகொள்வார். பையன் உள்ளே போய் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, தன் செய்தியைச் சொல்லிவிட்டு வர வேண்டும். வினைச்சொல் தப்பாக வரும். பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் மறுபடியும் போக வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு பேசுவது இல்லை, பேசித்தான் தெரிந்துகொள்கிறார்கள். இதை இன்னொரு தடவை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்துகொண்ட பிறகு பேசுவது இல்லை, பேசித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

நாட்டுக்குள் போய் இறங்கினால் பொதுவாக ஆறரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி, குளியல், காலை உணவு, பிறகு வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. அப்புறம் நாள் முழுக்கத் தெரு. பத்தரைக்கு விளக்கணைப்பு. வாரத்தில் ஒருநாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத. மற்ற நாளெல்லாம் அதே மாதிரிதான். கூட ஒரு ஜோடி எப்போதும் உண்டு. அவனை விட்டுவிட்டு எங்கேயும் தனியாகப் போகக் கூடாது. முதல் ஜோடி சீனியராக இருப்பான், அவன்தான் பழக்கிவிடுவான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமோ ஜோடியோ மாறலாம்.

நான் ஜப்பானில் கோபே நகரத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சாயங்காலம் என் குடியிருப்பின் அழைப்புமணி அடித்தது. திறந்தால் இரண்டு பேர், கையில் சைக்கிள் ஹெல்மெட். சின்னவன் அமெரிக்காவின் ஐடஹோக்காரன், முகத்தில் பருகூட இன்னும் ஆறவில்லை. நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அவன் ஜப்பானிய மொழியிலேயே பதில் சொன்னான். சரி பார்ப்போம் என்று நானும் ஜப்பானிய மொழிக்கு மாறினேன். திருநெல்வேலிக்காரனும் ஐடஹோக்காரனும் வாசலில் நின்று ஒருவருக்கொருவர் குனிந்து குனிந்து ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டதை எதிர்வீட்டு அம்மா கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் தடுமாறினான். பக்கத்தில் நின்ற சீனியருக்கு விடை தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவே இல்லை. பார்வையை என் செருப்பு அலமாரி மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பையன் தட்டுத்தடுமாறி வாக்கியத்தை முடித்த பிறகுதான் சீனியர் தலையசைத்தான். வாத்தியார்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை அந்த மௌனம். என்னால் மூன்று வினாடிகூட முடியாது.

குறையும் உண்டு. பாவமன்னிப்பு, உயிர்த்தெழுதல், ஞானஸ்நானம் எல்லாம் அந்தப் பையனுக்குச் சரளமாக வந்தது. பின்சக்கரத்தில் காற்று இறங்குகிறது, கடையில் எப்படிச் சொல்வது என்று என்னிடம்தான் கேட்டான்.

இப்படி வாசலில் நின்று மொழி கற்றவர்களின் பரம்பரையில் எனக்குப் பிடித்தவர் ஆல்மா டெய்லர். அவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன்.

1901 ஆகஸ்டில் நான்கு மார்மன் ஊழியர்கள் யோகஹாமாவில் கப்பலை விட்டு இறங்கினார்கள். தலைவர் ஹீபர் கிரான்ட், சபையில் பெரிய பதவியில் இருந்தவர். கூட வந்தவர்களில் இளையவர் டெய்லர், வயது பத்தொன்பது. நால்வருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. ப்ரோவோ மையம் மாதிரி எதுவும் அப்போது கிடையாது. கிரான்ட் முயன்று பார்த்தார், மொழி வசப்படவில்லை. 1903இல் ஊருக்குத் திரும்பினார். பிற்காலத்தில் சபைக்கே தலைவரானார், அது வேறு கதை. பையன் டெய்லர் தங்கிவிட்டார். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை நேயர்களே, 1910 வரைக்கும்.

1904இல் சபையின் வேதநூலான மார்மன் நூலை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவரும் வேலையை எடுத்துக்கொண்டார். இருபது சொச்சம் வயதில்! வேதநூல் என்றால் அன்றைய ஜப்பானில் பேச்சு நடை எடுபடாது, பழைய இலக்கிய நடை வேண்டும். தன் எழுத்தை அவர் தானே நம்பவில்லை. வரைவைத் தூக்கிக்கொண்டு தகுதியுள்ள ஜப்பானியர்களைத் தேடிப் போனார். யாரிடம் போனார் தெரியுமா? நாவலாசிரியர் நத்சுமே சோசெகியிடம். சோசெகி தம்மால் முடியாது என்று சொல்லி, இகுதா சோகோ என்ற இளம் எழுத்தாளரைக் கைகாட்டினார். சோகோதான் கடைசிவரை இருந்து நடையைச் சீர்செய்தார். புத்தகம் 1909இல் வெளிவந்தது. அதே சோகோ 1911இல் நீட்சேயின் ஜரதுஷ்டிரா நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். கடவுள் செத்துப்போனார் என்றவரும் கடவுளைக் கொண்டுவந்தவர்களும் ஒரே மேசையைத் தாண்டித்தான் ஜப்பானுக்குள் போனார்கள்!

டெய்லரின் மொழிபெயர்ப்பு இன்று புழக்கத்தில் இல்லை. 1957இல் ஒன்று, 1995இல் ஒன்று என்று புதிதாகச் செய்துவிட்டார்கள். ஜப்பான் ஊழியமே 1924இல் மூடப்பட்டு, போர் முடிந்து 1948இல்தான் மறுபடி திறந்தது. மதம் மாறியவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் டெய்லரைத் தோற்றவர் என்றுகூடச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. வாசலில் நின்று மொழி கற்ற ஒரு பையன், அந்த நாட்டின் தலைசிறந்த எழுத்தாளரிடம் போய் என் வரைவைப் பாருங்கள் என்று கேட்கிற இடத்துக்கு வந்தானே, அது போதும்.

இன்றைக்கு அவர்களிடமும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. ஃபேஸ்புக்கில் ஆள் தேடுகிறார்கள். முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டோடு பேசலாம். 2019 முதல் வாரந்தோறும் பேசலாம். ஏக்கம் தாங்காமல் பாதியில் திரும்பிய பிள்ளைகள் உண்டு, ஆகவே அப்பனாக எனக்கு இது நியாயமாகவே படுகிறது. வாத்தியாராக வயிறு எரிகிறது. வாரம் ஒருமுறை இங்கிலீஷில் அம்மாவிடம் மனதைக் கொட்டிவிட்டால், துக்கத்தை ஜப்பானிய மொழியில் சொல்லப் பழகுவது எப்போது?

என் வகுப்பில் இப்போது அவர்கள் முறையைத்தான் வைத்திருக்கிறேன். ஆறு வாரத்துக்கு ஒரே ஜோடி, மாற்றித் தரமாட்டேன். டீ இடைவேளை வரும்வரை தமிழும் இங்கிலீஷும் வாயில் வரக் கூடாது. முதல் வாரமே ஆளுக்கு ஒருவரிடம் போய் ஜப்பானிய மொழியில் ஏதாவது கேட்டு வாங்கி வர வேண்டும். ஒன்றிரண்டு பேர் கோபித்துக்கொண்டு ஆப்புக்கே திரும்பிவிட்டார்கள். போகட்டும். மிச்சம் இருக்கிறவர்கள் ஜோடி சரியில்லை என்று சண்டை போடுகிறார்கள், அதுவும் ஜப்பானிய மொழியில்.