கடலை ஓட்ஸ் குக்கீஸ்: பதமும் கணக்கும்

(கூட்டமைப்பின் தொழில் வழிகாட்டுக் கூட்டத்தில், உணவுப் பண்டம் தயாரிக்கும் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மூன்று குழுக்கள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "கடலையும் ஓட்ஸும் போட்டு, மேலே மிட்டாய் பதிச்ச குக்கீஸ் நல்லா விக்குதாமே, நாங்களும் செய்யலாமா? ஓவன் வாங்க உள்கடன் எடுக்கலாமா?" என்று. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு எங்களிடம் வந்திருக்கிறது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடன் மனு எழுதுறதுக்கு முன்னாடி இந்தப் பண்டத்தோட குணம் என்னன்னு தெரிஞ்சுக்கணும். குணம் தெரியாம அடுப்பு வாங்கினா, அடுப்பு மூலையில உக்காந்துக்கும், தவணை மட்டும் மாசாமாசம் வரும்.

இது அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு செய்கிற பண்டம். அங்கே இதை 'மான்ஸ்டர் குக்கீ' என்பார்கள். பேர்தான் பூதம், தின்ன நல்லா இருக்கும். இதில் மைதா கிடையாது. ஓட்ஸ், அரைத்த வேர்க்கடலை, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, மேலே 'எம் அண்ட் எம்' என்ற வண்ணச் சாக்லேட் மிட்டாய், இவ்வளவுதான். அந்த மிட்டாய் அங்கே 1941இல் வந்தது. சர்க்கரை ஓட்டுக்குள் சாக்லேட் இருப்பதால் கையில் உருகாது, அடுப்பிலும் உருவம் கலையாது. நம்ம ஊர்ல அதுக்கு ஜெம்ஸ் மிட்டாய் இருக்கு. கடலை மிட்டாயும் இருக்கு. அதைப் பிறகு சொல்கிறோம்.

கடைப் பிஸ்கட்டை உடைத்தால் 'டக்'கென்று உடையும். இது உடையாது, வளையும். ஓரம் லேசாக முறுகி, நடு மெத்தென்று, மென்று மென்று தின்கிற பதம். வாங்குகிறவர் காசு கொடுப்பது இந்த மெதுப்புக்குத்தான். மெதுப்பு என்றால் உள்ளே ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். அந்த ஈரத்தை எப்படி நிறுத்துவது என்பதுதான் செய்முறை, அந்த ஈரத்தோடு எத்தனை நாள் வைத்து விற்க முடியும் என்பதுதான் வியாபாரம். ரெண்டையும் பிரிக்க முடியாது.

முதலில் கடலை. திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து சகோதரிகளுக்கு நாங்கள் கடலையைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. இருந்தாலும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கடலையை முழுசாக வறுத்துக் கொடுத்தால் கெட்ட பருப்பைத் தின்கிறவரே துப்பிவிடுவார். அரைத்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. சரியாகக் காயாத கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ஈரலைக் கெடுக்கக்கூடியது. வறுத்தாலும் சுட்டாலும் அது முழுசாகப் போகாது. "தீயில வெந்துடும்ல, என்ன ஆகப்போகுது" என்று சொல்லக்கூடாது, வேகாது. அதனால் வறுக்கிறதுக்கு முன்னால் முறத்தில் கொட்டி, சுருங்கினது, கறுத்தது, பச்சை பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். வறுத்தபின் தோல் நீக்கும்போது இன்னொரு முறை பார்க்க வேண்டும். சிக்கு வாடை அடிக்கிற கடலையோ, கசக்கிற கடலையோ விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கவே கூடாது. எங்கள் குழுவில் கடலை பொறுக்குகிற வேலையை முறை வைத்துச் செய்கிறோம், தினம் ஒரே ஆள் பார்த்தால் கண் சலித்துப்போகும்.

அரைக்கும்போது தண்ணீர் ஒரு சொட்டு படக்கூடாது. ஆறின கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், அப்புறம் உருண்டை கட்டும். அங்கேயே நிறைய பேர் எண்ணெய் ஊற்றிவிடுவார்கள். வேண்டாம். மிக்ஸியை ஆறவிட்டு, ஓரத்தை வழித்துவிட்டுத் திரும்ப ஓட்டினால் கடலையே எண்ணெய் விட்டு, தோசை மாவு மாதிரி இளகி வரும். சூடாக இருக்கும் விழுதை உடனே மாவில் சேர்க்கக்கூடாது. சூட்டில் வெண்ணெய் உருகி, அடுப்பில் குக்கீ தோசை மாதிரிப் பரவிவிடும்.

இப்போது அளவு, 25 குக்கீக்கு. எழுதிக்கொள்ளுங்கள். கடலை விழுது 200 கிராம், வெண்ணெய் 60 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், முட்டை சிறியதாக 2, ஓட்ஸ் 250 கிராம், சமையல் சோடா தலைதட்டி 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, மிட்டாய் 100 கிராம். கையளவு, கண்ணளவு என்பதெல்லாம் வீட்டுக்கு. விற்பதற்குத் தராசுதான்.

நாட்டுச் சர்க்கரை ஏன் கூடுதல் என்று கேட்பீர்கள். அதில் இருக்கும் பாகுச்சத்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். முழுக்க வெள்ளைச் சர்க்கரை போட்டால் குக்கீ மொறுமொறுவென்று ஆகிவிடும். ஓட்ஸிலும் இரண்டு வகை வருகிறது. சீக்கிரம் வேகட்டும் என்று நொறுக்கி வைத்த மெல்லிய ரகம் மாவாகக் கரைந்துவிடும். முழு அவல் மாதிரி கனமாக இருக்கும் ரகம்தான் மெல்லக் கிடைக்கும். அதை வாங்குங்கள்.

வெண்ணெய், சர்க்கரை, கடலை விழுது மூன்றையும் மரக்கரண்டியால் குழைத்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சோடா, உப்பு, கடைசியில் ஓட்ஸ். கலந்ததும் மாவு தளர்வாக இருக்கிறதே என்று இன்னும் ஒரு கை ஓட்ஸை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் மூடி வைத்தால் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொண்டு தானே இறுகும். பிறகு சுமார் 32 கிராம் உருண்டையாக நிறுத்துப் பிடித்து, பட்டர் பேப்பர் போட்ட தட்டில் இடம் விட்டு வைத்து லேசாக அமுக்குங்கள்.

ஓவனை முன்கூட்டியே சூடாக்கி 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம். இங்கேதான் பதம். 10 நிமிடத்தில் திறந்து பார்த்தால் ஓரம் நிறம் மாறியிருக்கும், நடு இன்னும் வேகாத மாதிரி, பளபளவென்று இருக்கும். நம்ம மனசு கேக்காது. "இன்னும் நாலு நிமிஷம் இருக்கட்டுமே" என்று தோன்றும். அந்த நாலு நிமிஷத்தில் மெதுப்பு போய்விடும். ஓரம் பிடித்துக்கொண்டதும் வெளியே எடுத்து, தட்டிலேயே பத்து நிமிடம் விடுங்கள். தட்டின் சூட்டில் நடுப்பகுதி வெந்து முடிந்துவிடும். சூடாக இருக்கும்போது கையால் எடுத்தால் பிய்யும், ஆறினால் முழுசாக வரும். ஒவ்வொரு ஓவனும் ஒரு மாதிரி. அதனால் முதல் தடவை மூன்றே உருண்டை வைத்து 10, 11, 12 நிமிடத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, ஆறியபின் பிட்டுப் பார்த்து, உங்கள் அடுப்பின் நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஓவன் இல்லாமல் பழகிப் பார்க்கலாமா? பார்க்கலாம். அடிகனமான பாத்திரத்தில் உப்பையோ மணலையோ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி, கால் மணி நேரம் சூடேற்றிவிட்டுச் சின்னத் தட்டை உள்ளே வையுங்கள். நேரம் கூடுதலாகும், ஒரு தடவைக்கு நாலைந்துதான் வரும். விற்பனைக்கு இது ஆகாது. ஆனால் கடன் வாங்காமலே கைப்பதம் வந்துவிடும்.

மிட்டாயை மாவோடு போட்டுப் பிசைந்தால் ஜெம்ஸ் சாயம் ஈரத்தில் இறங்கித் திட்டுத் திட்டாகும். அதனால் உருண்டையைத் தட்டிய பிறகு மேலே பதியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை இருக்கட்டும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், பிள்ளைகள் எண்ணிப் பார்த்துச் சண்டை போடுவார்கள்! எங்களைக் கேட்டால் ஜெம்ஸைவிடக் கடலை மிட்டாய்தான் இதற்குப் பொருத்தம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. பேர் சொன்னாலே வாங்குகிறவருக்கு நாக்கில் ருசி தெரியும். அதைப் பட்டாணி அளவுக்கு உடைத்து நடுவில் பதிக்க வேண்டும், ஓரத்தில் வைத்தால் வெல்லப்பாகு உருகி வழிந்து தட்டில் கருகும். ஆரஞ்சு மிட்டாய் போன்ற கெட்டி மிட்டாய் வேண்டவே வேண்டாம், உருகிக் கண்ணாடி மாதிரி இறுகிப் பல்லை உடைக்கும்.

இன்னொன்று. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுக்கடலையும் கெட்டியான துண்டும் மூச்சுக்குழாயில் சிக்கலாம். பால்வாடி விழாவுக்கு ஆர்டர் வந்தால் மிட்டாய் பதிக்காமல் கொடுங்கள், அல்லது வேறு பண்டம் கொடுங்கள்.

சரி, எங்கே விற்பது? பெட்டிக்கடைக்குப் போட்டு மாசக் கணக்கில் பாட்டிலில் வைப்பதற்கு இது முறுக்கு இல்லை, தட்டையும் இல்லை. நம் ஊர் வெயிலில், காற்றுப் புகாத டப்பாவில் வைத்தாலும் நாங்கள் ஐந்து நாளுக்கு மேல் தேதி போடுவதில்லை. கடலை மிட்டாய் பதித்தது மூன்று நாளிலேயே மேலே பிசுபிசுக்க ஆரம்பிக்கும். அதனால் ஆர்டர் வாங்கிச் செய்ய வேண்டிய பண்டம் இது. பிறந்தநாள், கல்லூரிச் சந்தை, பக்கத்து அலுவலகக் கூட்டம், மதி அங்காடியில் அன்றன்றைக்கு ஒரு தட்டு, இப்படி. உருண்டையை உறையும் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததும் சுடுவது இன்னும் நல்லது. கடைக்காரர் "நூறு பாக்கெட் போடுங்க, விக்காததைத் திருப்பி எடுத்துக்கோங்க" என்று ஆசை காட்டினால் நகர்ந்துவிடுங்கள். திரும்பி வருவது நம்ம உள்கடன் பணம்.

விலைக்கு வருவோம். ஊருக்கு ஊர் விலை மாறும், எனவே ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம். ஒரு ஈட்டுக்கு, அதாவது 25 குக்கீக்கு, பொருள் ரூ.180, கரண்ட் ரூ.10, கவர், லேபிள் ரூ.25. மொத்தம் ரூ.215. உடைந்தது, ருசி பார்த்தது போக 23 விற்கும். பத்து ரூபாய்க்கு விற்றால் ரூ.230 வரும். "பதினஞ்சு ரூபா லாபம்" என்று நோட்டில் எழுதுவோம். கடலை பொறுக்கி, வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, சுட்டு, கட்டி முடிக்க ஒரு ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அது யார் கணக்கு? மணிக்கு ரூ.50 போட்டாலும் அடக்கம் ரூ.315, ஒன்றுக்கு ரூ.13.70. பத்து ரூபாய்க்கு விற்கும் குழு உழைப்பைத் தானமாகக் கொடுக்கிறது. வீட்டு வேலையைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை, குழு வேலையையுமா விட்டுவிடுவது?

ஓவனை ரூ.6,000 என்று வைத்து 12 மாதத்தில் அடைப்பதானால் அசல் மட்டும் மாதம் ரூ.500. பதினைந்து ரூபாய்க்கு விற்றால் ஈட்டுக்கு ரூ.30தான் மிஞ்சும். தவணைக்கே மாதம் 17 ஈடு சுட வேண்டும். இருபது ரூபாய்க்கு விற்றால் ரூ.145 மிஞ்சும், 4 ஈடு போதும். ஆகவே உங்கள் ஊரில் இருபது ரூபாய் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மனு எழுதுங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நாள் உப்புப் பாத்திரமே போதும்.

கடைசியாக லேபிள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இன்படி, வீட்டில் செய்து விற்றாலும் பதிவு வேண்டும். 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம் என்ற தேதி, எடை, சேர்த்த பொருள்கள் எல்லாம் வேண்டும். முட்டை சேர்த்திருப்பதால் பச்சைப் புள்ளி போடக்கூடாது, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணக் குறிதான். சைவக்காரர் கேட்டால் முட்டைக்குப் பதில் கொஞ்சம் பாலும் கோதுமை மாவும் சேர்த்துத் தனிப் பாத்திரத்தில் செய்து கொடுக்கலாம், மெதுப்பு கொஞ்சம் குறையும்.

'வேர்க்கடலை, முட்டை, பால், ஓட்ஸ் உள்ளது' என்று கண்ணில் படும்படி எழுதுங்கள். கோதுமை மாவு சேர்த்தால் அதையும் எழுதுங்கள். சட்டத்துக்காக மட்டும் இல்லை. சிலருக்குக் கடலை ஒரு கடி கடித்தாலே உதடு, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், உயிருக்கே ஆபத்தாகிவிடும். அப்படி ஆனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும். பள்ளி ஆர்டர் என்றால் டீச்சரிடம் "கடலை ஆகாத பிள்ளை யாராவது இருக்காங்களா" என்று வாயாலும் கேட்டுவிடுங்கள். பார்ப்பதற்குச் சாக்லேட் பிஸ்கட் மாதிரி இருப்பதால் உள்ளே கடலை இருப்பது பிள்ளைக்குத் தெரியாது.

பேசினது போதும். அரை கிலோ கடலையும் ஒரு சின்ன ஓவனும் கொண்டுவந்திருக்கிறோம். அடுப்பு சூடாவதற்குள் முன்வரிசையில் இருக்கிற அக்காமார் நாலு பேர் கை கழுவிவிட்டு முறத்துக்கிட்ட வாங்க. கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோட வாங்க.