குழப்படி எண்டு சொல்ல முன்னம்

(புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

நான் வைத்தியர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வரைக்கும் படிச்சவன். இப்ப பாசலுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிறேன். சங்கத்தில் கேட்டபடியால் எங்கட வீட்டுக் கதையைச் சொல்ல வந்தேன். மனைவியிட்டையும் மகனிட்டையும் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

மகனுக்கு 8 வயது. பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் மேல் கடிதம். கதிரையில் இருக்கிறான் இல்லை, மற்றவர் கதைக்க இடையில் புகுகிறான், தொப்பி, கையுறை எல்லாம் தொலைக்கிறான். இரவு வேலை முடிஞ்சு வந்து அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் தலைக்கேறும். அடிச்சிருக்கிறேன். ஊரில் நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம் எண்டு நினைச்சேன். ஒருநாள் கை ஓங்கினபோது, "அப்பா, நான் இருக்கத்தான் பார்க்கிறன், கால் தானா ஓடுது" எண்டான். என்ரை கை அப்படியே நிண்டுபோச்சு.

ரீச்சரோடு முதல் சந்திப்பில் 12 வயது மூத்த மகள்தான் மொழிபெயர்த்தாள். தம்பியைக் காப்பாற்ற அரைவாசியை விழுங்கிப்போட்டாள். அந்தப் பாரத்தை அவள் தலையில் வைச்சது என் பிழை. அடுத்த முறை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எண்டு கேட்டோம், பள்ளிக்கூடமே ஒழுங்கு செய்தது. கேட்க வெட்கப்படாதேங்கோ.

பிள்ளை வைத்தியர் உடனே வருத்தத்துக்குப் பெயர் சொல்லவில்லை. முதலில் காது, கண், நித்திரை எல்லாம் பார்த்தார். மொழி விளங்காமல் பராக்குப் பார்க்கிற பிள்ளையும், பயத்தில் நித்திரை குழம்பின பிள்ளையும் இப்படித் தெரியலாமாம். பிறகு வீட்டுக்கும் பள்ளிக்கும் தனித்தனிக் கேள்வித்தாள். இரண்டு இடத்திலும், ஆறு மாதத்துக்கு மேலாக, 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு எண்டார். டொச்சில் ஆ-டே-ஹா-எஸ். நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இருக்கிறது. வளர்ப்புப் பிழையால் வருவதில்லை, பெரும்பாலும் பரம்பரையோடு வருகிறது. (இதைக் கேட்டதும் மனைவி என்னைப் பார்த்த பார்வை!) சத்தமில்லாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்பிள்ளைக்கும் இருக்கலாம். அவளைப் பற்றி ஒருவரும் கடிதம் எழுதுவதில்லை.

மருந்து எண்டதும் ஊரிலிருந்து அம்மா ரெலிபோனில் அழுதா, "பிள்ளையை மயக்கிப்போடுவாங்கள்" எண்டு. ரிற்றலின் என்ற அந்த மருந்தை 1944இல் இந்தப் பாசலில்தான் பனிசோன் என்ற இரசாயன விஞ்ஞானி ஆக்கினார். மனைவி றீற்றாவின் பெயரை வைச்சார். அது மயக்குவதில்லை, ஊக்கி. மூளையில் டோப்பமின் கூடுதலாக நிற்கச் செய்து, கவனத்தைப் பிடித்துவைக்க உதவுகிறது. சாதாரணக் குளிசை அரை மணித்தியாலத்தில் வேலை செய்யத் தொடங்கி நாலு மணித்தியாலம் மட்டில் நிற்கும். அடியோடு மாற்றாது. எல்லாப் பிள்ளைக்கும் தேவையுமில்லை. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான்.

மகனுக்கு மத்தியானம் பசிப்பதில்லை. அதனால் காலமை குளிசைக்கு முன்னம் புட்டும் முட்டையும், இரவில் வடிவான சாப்பாடு. உயரம், நிறை, இரத்த அழுத்தம் எல்லாம் தவறாமல் அளக்கிறார்கள். நாங்களும் பழகினோம்: ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, செய்தால் உடனே மெச்சுவது. இது குளிசையை விடக் கஷ்டம்.

இன்னொன்று. 9 வயது முடிய முன்னம் கண்டுபிடிச்சு வைத்தியமும் தொடங்கியிருந்தால், நிபந்தனைகளோடு இயலாமைக் காப்புறுதி செலவை ஏற்கலாம். வைத்தியரிட்டை மறக்காமல் கேளுங்கோ.

வீட்டில் இப்படிக் கடிதங்கள் இருந்தால் சாப்பாட்டு நேரம் என்னட்டை வாங்கோ. இரவு வேலைக் கிழமை எண்டால் பகலில் சந்திப்புக்கு நானும் கூட வருவேன்.