கூகுளில் காணாமல் போன தொரடிப்பட்டு

இன்னிக்கு எபிசோடை ஒரு போன் காலிலிருந்து தொடங்குறேன்.

2024 ஜூலை மாசம், ராத்திரி ஒம்பதரை மணி இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு தம்பி கூப்பிட்டார். கல்வராயன் மலையில் தொரடிப்பட்டு பக்கத்துக்காரர். சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா எதுவும் இல்லை. எடுத்ததுமே, "அண்ணா, தாத்தா பேசினத எடுத்துட்டீங்களா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம்தான் விஷயம் வந்துச்சு. அவங்க தாத்தா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. சொந்தக்காரங்க கூடும்போது அவர் குரலை எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்னு கூகுளில் தேடியிருக்கார். எப்பவும் முதலாவதா வர்ற பக்கம் வரவே இல்லை.

கொஞ்சம் பின்னாடி போறேன். நான் கள்ளக்குறிச்சியில் வளர்ந்தவன். 2017இல் கல்வராயன் மலையைப் பத்தி ஒரு சின்ன சைட் ஆரம்பிச்சேன். வெள்ளிமலை, கரியாலூர், இன்னாடு, சேராப்பட்டுன்னு ஊருக்கு ஒரு பக்கம். சில ஊர்ப் பக்கங்களில் பெரியவங்க பேசின ஆடியோவும் உண்டு. இந்த மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்தை நேரில் பார்த்தவங்க ஒவ்வொருத்தரா போய்ட்டிருக்காங்க. அந்தத் தாத்தா 22 நிமிஷம் பேசியிருந்தார். கடுக்காய் மூட்டையைத் தலையில் வெச்சு மலை இறங்கினது, சந்தையில் எடை ஏமாத்தினது, முதல் தடவை பஸ் ஏறினது, எல்லாம் அதுல இருக்கு.

தம்பிக்கு ஆடியோவை உடனே வாட்ஸாப்பில் அனுப்பிட்டேன். ஆனா அவர் அடுத்து சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்துச்சு. "எங்க மலைன்னாலே சாராயம்னு ஆகிப்போச்சு. நீங்களும் பயந்துபோய் எடுத்துட்டீங்கன்னு வீட்ல பேசிக்கிறாங்கண்ணா."

அது எந்த நேரம்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கு முந்தின மாசம்தான் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடிச்சு 60க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அதுக்கப்புறம் மலை முழுக்க போலீஸ் ரெய்டு. மலை மக்களோட நிலைமையைப் பத்தி சென்னை உயர் நீதிமன்றமே தானா முன்வந்து வழக்கு எடுத்தது. அந்தச் சமயத்தில் தாத்தாவோட பக்கம் காணாமப் போனா, யாரோ வேணும்னே எடுத்தாங்கன்னுதான் தோணும். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

நான் எடுக்கலை. அப்போ யார் எடுத்தது?

முதல் சந்தேகம் செய்தி வெள்ளம். அந்த ரெண்டு மாசம் கள்ளக்குறிச்சின்னு என்ன தேடினாலும் மரணச் செய்திதான் வந்துச்சு. நம்ம பக்கம் அதுக்கடியில் எங்கேயாவது புதைஞ்சு கிடக்கும்னு நினைச்சேன். ஆனா கீழே தள்ளப்படுறது வேற, இல்லாமலே போறது வேற. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க ஒரு வழி இருக்கு. தேடுற பெட்டியில் சைட்னு ஆங்கிலத்தில் போட்டு, ஒரு முக்காற்புள்ளி வெச்சு, இடம் விடாம உங்க சைட் முகவரியைப் போடுங்க. கூகுள் தன்னோட இண்டெக்ஸில், அதாவது பெயர்ப்பட்டியலில், உங்க சைட்டிலிருந்து வெச்சிருக்கிற பக்கங்களை மட்டும் காட்டும். துல்லியமான கணக்கு இல்லை, ஆனா சின்ன சைட்டுக்குப் போதும். என் சைட்டில் 43 பக்கம். 31 வந்துச்சு. தொரடிப்பட்டோட சேர்த்து 12 பக்கம் இல்லவே இல்லை.

அப்புறம் வழக்கமான சோதனை. பக்கத்தோட தலைப்பகுதியில் நோஇண்டெக்ஸ்னு ஒரு வார்த்தை இருந்தா, கூகுள் அந்தப் பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துடும். வேர்ட்பிரஸ் வெச்சிருக்கிறவங்க செட்டிங்ஸில் தேடுபொறிகள் வேண்டாம்னு சொல்ற ஒரு சின்ன டிக் பெட்டியைப் பாருங்க. சைட் கட்டும்போது டிக் பண்ணிட்டு, திறந்து வெச்ச அப்புறம் எடுக்க மறந்தவங்க எத்தனை பேர்னு கணக்கே கிடையாது. அடுத்து ரோபாட்ஸ் ஃபைல். இது 1994லிருந்து இருக்கிற பழக்கம். எங்கே வரலாம், எங்கே வரக்கூடாதுன்னு தேடுபொறி ரோபோவுக்கு வாசலிலேயே எழுதி வைக்கிறது. இதுல ஒரு குழப்பம் உண்டு. ரோபாட்ஸ் ஃபைலில் தடுத்துட்டு, பக்கத்துக்குள்ள நோஇண்டெக்ஸும் போட்டா, ரோபோ உள்ளே வராது, நோஇண்டெக்ஸைப் படிக்கவும் படிக்காது. மறைக்கணும்னு நினைச்ச பக்கத்தோட முகவரி மறையாமலே நிக்கும்.

என் சைட்டில் இது ரெண்டும் இல்லை.

கூகுளே சொதப்பியிருக்குமோ? அதுவும் நடந்திருக்கு. 2019 ஏப்ரலில் ஒரு தொழில்நுட்பக் கோளாறால் ஏகப்பட்ட பக்கங்கள் இண்டெக்ஸிலிருந்து விழுந்துச்சு, கூகுளே ஒத்துக்கிட்டது. 2020 அக்டோபரில் இன்னொரு தடவை. தண்டனையாகவும் தூக்குவாங்க. 2006இல் தேடுபொறிக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணுன்னு வேற வேற பக்கம் காட்டினதுக்காக பிஎம்டபிள்யூவோட ஜெர்மன் சைட்டையே கூகுள் வெளியே போட்டது. ஆனா என் 43 பக்கத்தில் 12ஐ மட்டும் பொறுக்கி எடுத்துத் தண்டிக்க கூகுளுக்கு என்ன முன்விரோதம்?

முதல்ல செய்ய வேண்டிய வேலையை நான் கடைசியாத்தான் செஞ்சேன். என் சைட்டிலேயே போய் தொரடிப்பட்டு லிங்க்கைத் தட்டினேன். முகப்புப் பக்கம் வந்துச்சு. ஏதோ தப்பா தட்டிட்டேன்னு திரும்பத் தட்டினேன். திரும்பவும் முகப்பு.

அந்த வருஷம் மே மாசம் சைட்டை ஒரு சர்வரிலிருந்து இன்னொண்ணுக்கு மாத்தியிருந்தோம். உதவி செஞ்ச நண்பர், இல்லாத பக்கத்துக்கு யாராவது வந்தா முகப்புக்குத் திருப்பி விடுற மாதிரி அமைச்சிருந்தார். நல்ல எண்ணம்தான், வர்றவங்களுக்கு எரர் காட்டாம இருக்கலாம்னு. ஆனா கூகுள் அதை அப்படிப் பார்க்காது. பத்து வேற வேற முகவரிக்குப் போனாலும் ஒரே முகப்பு வருதுன்னா, அந்தப் பக்கங்கள் இல்லைன்னு எடுத்துக்கும். இதுக்கு சாஃப்ட் 404னு பேர். கொஞ்ச நாள் திரும்பத் திரும்ப வந்து பார்க்கும், அப்புறம் பட்டியலிலிருந்து அடிச்சுடும். சர்ச் கன்சோலில் அது சொல்லியும் இருந்துச்சு. மெயிலும் வந்திருக்கு, தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவில் திறக்காம கிடந்தது.

சரி, ஃபைல் காப்பி ஆகலை போலன்னு சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். இருக்கு! தொரடிப்பட்டு இருக்கு, கோமுகி இருக்கு, அதே பேர், அதே எழுத்து. ஆனா முகவரியில் தட்டினா, அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு சர்வர் சொல்லுது.

அன்னிக்கு ராத்திரி காணாமப் போன 12 பேரையும் ஒரு பேப்பரில் கையால் எழுதினேன். தொரடிப்பட்டு. கோமுகி அணை. கொட்டபுத்தூர். கோயில்கள். போக்குவரத்து. அப்படியே போகுது. தப்பிச்ச பேர்களைப் பக்கத்தில் எழுதினேன். வெள்ளிமலை. கரியாலூர். இன்னாடு. சேராப்பட்டு. கையால் எழுதினதாலதான் கண்ணில் பட்டுச்சுன்னு நினைக்கிறேன். போன பேர் எல்லாத்துலயும் ஏதாவது ஒரு எழுத்துக்கு முன்னாடி கொம்பு, பின்னாடி துணைக்கால். கோமுகியில் க-வுக்கு முன்னாடி இரட்டைக்கொம்பு, பின்னாடி கால். தொரடிப்பட்டில் த-வுக்கு முன்னாடி ஒற்றைக்கொம்பு, பின்னாடி கால். சேராப்பட்டிலும் கொம்பும் காலும் இருக்கே? இருக்கு, ஆனா கொம்பு ச-வுக்கு, கால் ர-வுக்கு. ஒரே எழுத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற பேர் மட்டும்தான் போயிருக்கு.

யூனிகோடில் கோ-ங்கிற எழுத்தை ரெண்டு விதமா வைக்கலாம். க-வும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியும். இல்லைன்னா க, தனியா இரட்டைக்கொம்பு, தனியா துணைக்கால்னு மூணு துண்டு. திரையில் ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான். யூனிகோடு விதிப்படியும் ரெண்டும் சமம். ஆனா சர்வருக்கு விதி தெரியாது, பைட்டைத்தான் எண்ணும். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். கோமுகின்னு நாம சாதாரணமா டைப் பண்ணினா 18 பைட். என் சர்வரில் இருந்த கோமுகியை எண்ணிப் பார்த்தேன். 21.

இது எங்கே பிரிஞ்சது? நண்பரோட பழைய மேக்புக்கில். 2017க்கு முன்னாடி வந்த மேக்குகளோட ஃபைல் முறை, பேர்களைத் தானாவே துண்டு துண்டா பிரிச்சுத்தான் சேமிக்கும். பழைய சர்வரிலிருந்து அந்த மேக்குக்கு இறக்கினப்போ கொம்பும் காலும் பிரிஞ்சு, பிரிஞ்ச மாதிரியே புது சர்வருக்கு ஏறிடுச்சு. லிங்க்குகளில் இருந்தது நான் 2017இல் டைப் பண்ணின சேர்ந்த வடிவம். மேக்கில் சோதிச்சப்போ எல்லாம் திறந்துச்சு, ஏன்னா மேக் ரெண்டையும் ஒண்ணுன்னு புரிஞ்சுக்கும். லினக்ஸ் சர்வர் புரிஞ்சுக்காது. புது மேக்குகளில் இப்படிப் பிரிக்கிறது இல்லை. ஆனா பழைய மெஷின்கள் நம்ம நண்பர்கள் வீட்டில் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு.

இதைக் கேட்டுட்டு, அதுக்குத்தான் முகவரியை ஆங்கிலத்தில் வைக்கணும்னு சில பேர் சொல்வீங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. தொரடிப்பட்டை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னா பத்து பேர் பத்து விதமா எழுதுவாங்க. தமிழில் ஒரே விதம்தான், கொம்பும் காலும் சேர்ந்து இருக்கிற வரைக்கும். யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி பத்திரிகைக்கு ஒரு ஃபான்ட்னு இருந்த காலத்தில், தமிழ்ப் பக்கம் மொத்தமுமே தேடுபொறிக்குப் புரியாத கிறுக்கலாத்தான் இருந்துச்சு. அதைத் தாண்டி வந்தாச்சு. ஒரு துணைக்காலுக்காகத் திரும்பி ஓட வேண்டாம்.

சரி பண்றது சின்ன வேலைதான். பேர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாத்துற கருவி லினக்ஸில் இருக்கு, ஒரே கட்டளை. முகப்புக்குத் திருப்பி விடுறதை எடுத்துட்டு, இல்லாத பக்கத்துக்கு நேர்மையா 404 சொல்ல வெச்சேன். சைட்மேப்பைத் திரும்பக் கொடுத்தேன். ஆகஸ்ட் கடைசிக்குள்ள 9 பக்கம் திரும்பி வந்துச்சு. கோமுகி முதல்ல வந்தது.

தொரடிப்பட்டு வரலை. சர்ச் கன்சோல் சொன்ன காரணம், வந்து பார்த்தோம், இப்போதைக்குச் சேர்க்கலைங்கிறது. கோளாறு எதுவும் இல்லை. கூகுளுக்கு எல்லாப் பக்கத்தையும் வெச்சிருக்கணும்னு கடமை கிடையாது, அதை அவங்க வெளிப்படையாவே சொல்றாங்க. ஒரு தடவை பட்டியலிலிருந்து விழுந்துட்டா, திரும்ப உள்ளே போக புது ஆள் மாதிரி வாசலில் நிக்கணும். அந்தப் பக்கத்தில் என்ன இருந்துச்சு? ஒரு போட்டோ, ரெண்டு வரி, ஒரு ஆடியோ. தாத்தா 22 நிமிஷம் பேசினது எனக்குத் தெரியும். எழுத்தைப் படிக்கிற கூகுளுக்கு அது ரெண்டு வரிப் பக்கம்.

அதனால் எழுத உட்கார்ந்தேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை. பல இடத்தில் எனக்கு வார்த்தை பிடிபடலை. தம்பி திருப்பூரிலிருந்து போனில் திருத்தினார். நான் கொல்லின்னு எழுதினதைக் கேட்டுட்டு, "கொல்லைண்ணா. வெள்ளாமை பண்ற காடு. கொல்லிமலை இல்ல" அப்படின்னார். எடை ஏமாத்தின கதையை நான் ஏழு வருஷமா பாதிதான் புரிஞ்சு வெச்சிருந்தேன்னு அப்போதான் தெரிஞ்சது. ஏமாந்தது தாத்தா இல்லை, அடுத்த சந்தையில் கடுக்காய் மூட்டைக்குள்ள கல்லு வெச்சுத் தராசுக்காரரை ஏமாத்தினவர் அவர்.

எழுத்து ஏறின மூணாவது வாரம் பக்கம் கூகுளில் வந்துச்சு. முன்னாடி மாதிரி முதல் இடம் இல்லை. தொரடிப்பட்டுன்னு தேடினா நாலாவது. மேல ரெண்டு டென்ட் ஸ்டே விளம்பரம், ஒரு மேகம் அருவி வீடியோ. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். வீட்ல காட்டிட்டேன்னு சொன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு மெசேஜ்: "அண்ணா, அந்த அருவி வீடியோல ஒருத்தன் வழி தப்பா சொல்றான். அதை எடுக்க முடியுமா?"