வரவறிந்து வளரும் பயிர்



கதிரவன் மறைந்ததும் செடியின் உணவாக்கம் நின்றுவிடுகின்றது, வளர்ச்சியோ நிற்பதில்லை. இரவிலும் வேர் நீள்கின்றது, இலை விரிகின்றது. இச்செலவுக்கு முதல் ஏது? பகலில் ஆக்கிய சருக்கரையில் ஒரு பகுதியைச் செடி மாப்பொருளாக்கி இலையிலேயே சேர்த்து வைக்கின்றது. அவ்விருப்பே இரவின் முதல்.

அதனைச் செலவிடும் முறையே வியப்புக்குரியது. கடுகினத்தைச் சேர்ந்த அரபிடோப்சிசு என்னும் சிறுசெடி, தன் மாப்பொருளில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பங்கை விடிவதற்குள் ஒரே சீராகச் செலவிட்டு முடிக்கின்றது. 12 மணிநேர இரவுக்குப் பழகிய செடியை ஒருநாள் 4 மணிநேரம் முன்னதாகவே இருளில் வைத்தால், அது 16 மணிநேர இரவுக்கு ஏற்பச் செலவைச் சுருக்கிக்கொள்கின்றது. இங்கிலாந்து ஆய்வாளர் 2010-இல் வெளியிட்ட உண்மை இது.

இனி, "வளர்க" என்றும் "நிற்க" என்றும் உயிரணுக்களுக்கு ஆணையிடுவன எவை? இரு புரதங்கள். ஒன்று தோர். 1991-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், ஈசுட்டு என்னும் நுண்காளானில் முதற்கண் அறியப்பட்டது. மாந்தரிடத்தும் மரஞ்செடிகளிடத்தும் உள்ளது. சருக்கரையிலிருந்து உயிரணுவின் இழைமணிகள் ஆற்றலை ஆக்கும்போது தோர் விழித்தெழுந்து, வேர்நுனி உயிரணுக்களைப் பெருகச் செய்கின்றது. இது 2013-இல் தெளிவாயிற்று. மற்றொன்று சினார்க்கு-1. ஆற்றல் குன்றுங்கால் அது கிளர்ந்து, ஆக்கப்பணிகளை அடக்கி, இருப்பைக்கொண்டு உயிர்காக்க வழிசெய்கின்றது. முன்னது முடுக்கும் கை. பின்னது தடுக்கும் கை.

வளராமையும் சிலபோது வாழ்வாகும். வெள்ளத்தில் மூழ்கிய நெற்பயிர் பெரும்பாலும் மேலெழ முயன்று, விரைந்து நீண்டு, இருப்பையெல்லாம் இழந்து மடிகின்றது. ஒடிசா உழவர் வழிவழிக் காத்த நெல்வகை ஒன்றோ, நீருள் வளர்ச்சியை அடக்கி இருப்பைக் காக்கின்றது. வெள்ளம் வடிந்தபின் அம்முதலைக்கொண்டே தளிர்க்கின்றது. அதற்குக் கரணியமான சப்-1ஏ மரபணு 2006-இல் கண்டறியப்பட்டது. அதனை ஏற்ற சுவர்ணா-சப்1 நெல் 2009-இல் இந்தியாவில் உழவர்க்கு வெளியிடப்பட்டது. ஏறத்தாழ இரு கிழமை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கவல்லது அது.

அவையீர்! விளைச்சல் குறைவென்று அப்பழைய நெல்லை உழவர் அன்றே கைவிட்டிருப்பின், இன்று அம்மரபணுவுக்கு எங்கே போவது? எனவே, ஊர்தோறும் எஞ்சியுள்ள பழநெல் வகைகளைப் பேணிக் காமின்! வளராது நிற்கும் பயிரைச் சோம்பிற்றென்று இகழற்க. அது தன் வரவு செலவுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது.