லொகேஷன் போடச் சொல்லலாம், எவ்வளவு நேரம்?
(பத்மநாபபுரம் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

 

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் வசதி 2017-ல் வந்தது. இன்று நம் வீடுகளில் அது பழக்கமாகிவிட்டது. நாகர்கோவிலில் மகள் பஸ் ஏறியதும், "லொகேஷன் போடு மக்களே" என்கிறார் உம்மா. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வாப்பா நள்ளிரவில் வரும்போதும் உதவுகிறது. நல்ல வசதிதான்.

ஆனால் வீடு வந்து சேர்ந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால்? வளைகுடாவில் இருக்கும் கணவர் தினமும் அதைப் பார்த்து, "கடைக்குப் போக இவ்வளவு நேரமா?" என்று மனைவியைக் கேட்டால்? அக்கறை அங்கே சந்தேகமாக மாறிவிடுகிறது.

போதைப்பொருள் வழக்கு ஒன்றில் ஜாமீன் பெற்றவர், தான் இருக்கும் இடம் விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி கூகுள் மேப்பில் குறியிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. 2024 ஜூலை 8-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தைப் போலீஸ் ஓயாமல் கண்காணிக்கும்படி நிபந்தனை போடக்கூடாது. அது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் அந்தரங்க உரிமையை மீறுவது என்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் கூறினார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டென்றால், ஒரு தப்பும் செய்யாத நம் வீட்டுப் பெண்ணுக்கு இல்லையா?

அடுத்தவர் வாசலில் ஸலாம் சொல்லி, அனுமதி கிடைத்த பிறகே உள்ளே போகிறோம். போனிலும் அந்த மரியாதை வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று அளவு உண்டு. பயணத்துக்குத் தேவையானதை மட்டும் போடுங்கள். போய்ச் சேர்ந்ததும் நிறுத்துங்கள். கல்யாண வீட்டுக்கு வழி சொல்ல கரண்ட் லொகேஷன் போதும். அது உங்களோடு நகராது. குரூப்பில் லைவ் போட்டால் அதில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். வீடு பூட்டிக் கிடப்பதும் தெரிந்துவிடும்.

யாருக்கெல்லாம் போகிறது என்பதை வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் லைவ் லொகேஷன் என்று போய்ப் பாருங்கள். கூகுள் மேப்பில் நாமாக நிறுத்தும் வரை ஓடும் வசதி உண்டு. போனைக் கொஞ்ச நேரம் வாங்கியவர்கூட அதைப் போட்டுவிடலாம். அங்கே லொகேஷன் ஷேரிங் பகுதியையும் பாருங்கள்.

மிரட்டி லொகேஷன் கேட்பவர், பின்தொடர்பவர் இருந்தால் பெண்கள் 181-ஐ அழைக்கலாம், அவசரத்துக்கு 112.

இன்று இரவு வீட்டில் பேசுங்கள். எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பிள்ளைகளிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். பெற்றோரும் வெளியே போகும்போது பிள்ளைகளுக்குப் போடுங்கள்.

அல்லாஹ் நம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.