கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



முதலில் ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். முதலாண்டு பிசிக்ஸ் லேபில் என் கிராப்பில் ஐந்து புள்ளிகள் கோட்டில் உட்கார்ந்தன. ஆறாவது தள்ளி நின்றது. ரப்பரால் அழித்துவிட்டேன். ரெக்கார்டில் கையெழுத்தும் கிடைத்துவிட்டது!

அப்படி அழிக்காதவர்களின் கதை ஒன்று சொல்கிறேன். சாதாரண லித்தியம் அணுக்கருவில் 3 புரோட்டான்கள், 3 அல்லது 4 நியூட்ரான்கள். லித்தியம்-11 என்ற அபூர்வக் கருவில் நியூட்ரான்கள் 8. அதன் அரை ஆயுள் 9 மில்லி செகண்டுக்கும் குறைவு. அதை எப்படி அளப்பது?

1985இல் அமெரிக்காவின் பெர்க்லியில், இசாவோ தனிஹாட்டா குழுவினர் அளந்தார்கள். வேகமான அயனிகளைப் பெரிலியத்தில் மோதவிட்டு, சிதறிய துண்டுகளில் வேண்டியதைக் காந்தத்தால் பிரித்தார்கள். அதை மெல்லிய தகட்டில் செலுத்தி, எத்தனை உள்ளே போயின, எத்தனை மாறாமல் வெளியே வந்தன என்று எண்ணினார்கள். தூண்கள் நிறைந்த மண்டபத்தில் கோலிக்குண்டு தப்பிப் போகும், கால்பந்து இடிக்கும். அவ்வளவுதான் கணக்கு.

நாம் படித்த விதிப்படி, ஆரம் நிறை எண்ணின் கனமூலத்தைப் பொறுத்தது. லித்தியம்-9ஐ விட லித்தியம்-11இன் ஆரம் சுமார் 7 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். கூடியிருந்ததோ 30 விழுக்காட்டுக்கும் மேல்! அவர்கள் ரப்பரைத் தேடவில்லை.

1987இல் ஹான்சென், யோன்சன் இருவரும் விளக்கம் தந்தார்கள். நடுவில் லித்தியம்-9. மீதி இரண்டு நியூட்ரான்களும் தொலைவில், நிலாவைச் சுற்றிய பரிவட்டம் போல. வழக்கமான கருவில் ஒரு நியூட்ரானைப் பிரிக்கவே பல எம்.இ.வி. ஆற்றல் வேண்டும். இங்கே இரண்டையும் பிரிக்க 0.4 எம்.இ.வி.கூட வேண்டாம். முக்காலியின் ஒரு காலை எடுத்த மாதிரி, ஒன்று போனால் மற்றதும் நிற்காது. இப்படிப்பட்ட கருக்களை ஆராயவே ஜப்பானில் வாக்கோ நகரிலும், 2022 முதல் மிச்சிகனிலும் பெரிய முடுக்கிகள் இயங்குகின்றன.

நான் பம்பு சோதிக்கும் இன்ஜினியர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பம்பின் ரீடிங் வளைகோட்டுக்குக் கீழே விழுந்தது. "மீட்டர் கோளாறு சார், விடுங்க" என்றார் கூட இருந்தவர். எனக்கு அந்த ஆறாவது புள்ளி ஞாபகம் வந்தது. மறுபடி எடுத்தோம், அதே ரீடிங். பிரித்துப் பார்த்தால், இம்பெல்லருக்குள் வார்ப்பு மணல் அடைத்திருந்தது.

தம்பி தங்கைகளே, புள்ளி தள்ளி நின்றால் இன்னொரு முறை அளந்து பாருங்கள். அப்போதும் தள்ளியே நின்றால், தைரியமாக அப்படியே குறியுங்கள். மார்க் ஒன்று குறைந்தால் குறையட்டும்.