சீட்டு கேட்கும் மருந்துக்கடை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஆற்றிய உரை)

லிஃப்ட் பராமரிப்புக்கும் தண்ணீர் லாரிக் கணக்குக்கும் நடுவில் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். பி பிளாக்கில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். அப்பா இரவு ஒன்பதரை மணிக்கு நம் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய் ஆன்டிபயாடிக் சிரப் கேட்டிருக்கிறார். "டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது சார்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் மெயின் ரோட்டில் வேறு கடைக்குப் போனார். அங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலைக்குள் குழுவில் நாற்பது செய்திகள். "தெருமுனைக் கடைக்கு இனி யாரும் போக வேண்டாம்" என்பதுதான் அதில் அதிகம் கைதட்டல் வாங்கியது.

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. குழந்தை அனலாய்க் கொதிக்கும்போது யாராவது சட்டம் பேசினால் எரிச்சல்தான் வரும். ஆனால் கடைக்காரர் செய்தது சரி. அன்று அவர் வெறும் கையோடும் அனுப்பவில்லை. பாராசிட்டமால் சிரப் தந்து, குழந்தையின் எடையைக் கேட்டு அளவு சொல்லி, பக்கத்தில் இரவில் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்றும் சொல்லியிருக்கிறார். இது குழுவில் வரவில்லை. நான் மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மளிகைக்கடை வைப்பதுபோல் மருந்துக்கடை வைக்க முடியாது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1945-ஆம் ஆண்டின் விதிகள் ஆகியவற்றின் கீழ் உரிமம் வாங்க வேண்டும். சில்லறைக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். உரிமத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் கடையில் இருக்க வேண்டும். டாக்டர் எழுதிய மருந்தை அவர்தான், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில்தான், கொடுக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டமும் இதையே சொல்கிறது. சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கி, ஆள் வேறு எங்கோ இருந்தால் அது விதிமீறல்.

உங்கள் வீட்டு மாத்திரை அட்டையை இன்று எடுத்துப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. அட்டவணை 'எச்' என்பார்கள். அசித்ரோமைசின், அமாக்சிசிலின், டைக்ளோஃபெனாக் எல்லாம் இதில்தான் வருகின்றன. இன்னும் கடுமையான 'எச்1' அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற மருந்துகள் அதில் உண்டு. அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்து பார்ப்பார். உங்கள் பெயரையும் டாக்டர் பெயரையும் கடைக்காரர் கேட்பது வம்புக்காக அல்ல.

இதெல்லாம் எதற்கு? என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மா இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிட்டு வந்தார். நான் வெளியூரில் இருந்த சமயம், மூட்டுவலி என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு பழைய டைக்ளோஃபெனாக் அட்டையைக் கொடுத்து, இதே மாதிரி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். கடையில் யாருக்கு என்று கேட்கவில்லை. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றும் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம் என்பது மருந்தாளுநர் படிப்பில் பாலபாடம். நான்காம் நாள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். முப்பது வருடம் மருந்து கொடுத்தவன் வீட்டிலேயே இது நடந்தது. அந்தக் கவுன்ட்டரில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஆன்டிபயாடிக் விஷயம் இன்னும் பெரியது. வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாது. தேவையில்லாமல் சாப்பிடச் சாப்பிட, கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிறகு உண்மையாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து கைகொடுக்காது. அது உங்கள் குழந்தைக்காகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்காகவும் இருக்கலாம்.

பலரும் கேட்கும் இன்னொன்று: "டாக்டர் எழுதிய கம்பெனி இல்லையென்றால் அதே மருந்தை வேறு கம்பெனியில் தரலாமே?" சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தானாகவே மாற்றித் தர விதி இடம் தரவில்லை. உள்ளிருப்பது ஒரே மருந்தாக இருந்தாலும்தான். செலவைக் குறைக்க நினைத்தால் டாக்டரிடமே மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 1000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் பொதுப்பெயர் மருந்துகள் மலிவாகக் கிடைக்கும். மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வாங்குபவர்களுக்கு இது நல்ல மிச்சம்.

இனி நாம் செய்ய வேண்டியவை.

ஒன்று, பில் கேட்டு வாங்குங்கள். அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். ஒரு மருந்தில் குறை இருப்பது தெரியவந்தால், உங்களிடம் இருப்பது அந்தத் தொகுதிதானா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இரண்டு, தொடர்ந்து சாப்பிடும் மருந்துக்கு எத்தனை மாதம் வாங்கலாம் என்று சீட்டிலேயே டாக்டரை எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதாத சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம் என்பது விதி.

மூன்று, வாட்ச்மேனையோ வீட்டு வேலைக்கு வரும் அம்மாவையோ காலி அட்டையோடு அனுப்பாதீர்கள். முடியாத நிலையில் சீட்டின் படத்தைக் கடைக்கு அனுப்பி, போனில் மருந்தாளுநரிடம் பேசுங்கள். வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நான்கு, இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரை குளிரில் இருக்க வேண்டியது. கடையில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று பாருங்கள். ஐஸ் பையோடு கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

ஐந்து, காலாவதியான மருந்து, பில் தர மறுப்பது, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது போன்ற புகார் இருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். அதன் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் ஆய்வாளருக்குத் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர். மழை நாளில் அவர்களுக்கு மருந்து கொண்டுவந்து தருவது அந்தத் தெருமுனைக் கடைப் பையன்தான். சீட்டு கேட்டதற்காக நாம் அந்தக் கடையை விட்டுவிட்டால், அவரும் நாளை கேட்பதை நிறுத்திவிடுவார். வியாபாரம் நடக்க வேண்டுமே. பிறகு நம் தெருவில் கேள்வி கேட்க ஒருவரும் இருக்க மாட்டார். "யாரும் போக வேண்டாம்" என்று எழுதியவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. குழந்தைக்கு இப்போது குணமாகிவிட்டது என்று கேட்டதில் சந்தோஷம். அந்தச் செய்தியை மட்டும் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் வீட்டு மருந்து டப்பாவைக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து தேதி பார்த்துப் பிரித்துத் தருகிறேன்.